வடை ஓட்டையில் தெரிந்த மச்சான்

வடையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஓட்டைக்குள் என் மச்சான் முழுசாகத் தெரிந்தார். அவருடைய காசு மேசை, மேசையில் புகையும் ஊதுபத்தி, பின்சுவரில் லட்சுமி படம், அதற்கு மேலே ஓடாத மின்விசிறி, எல்லாமே அந்த ஓட்டைக்குள் அடங்கின.

பின்னேரம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குள் ஈரக் குடை வாசமும் பழைய எண்ணெய் வாசமும் கலந்து நின்றன. ஹேவாஹெட்ட பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலைந்து பேர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா கமலா, வடைய வச்சுக் கிரகணம் பாக்குறியா?" என்று மச்சான் மேசையிலிருந்தே சத்தம் போட்டார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இல்ல மச்சான், வடை எங்கன்னு தேடுறேன். ஓட்டை மட்டுந்தான் கெடைச்சிருக்கு," என்றேன்.

இந்தத் தடவை இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்காக அவர் எனக்குச் செய்த மரியாதைகளை இந்த வாரம் எழுதப் போகிறேன்.

எழுதக் காரணமும் இருக்கிறது. போன வாரம், நான் கண்டிக்கு வேலைக்கு வந்த கதையை இந்தப் பக்கத்தில் படித்துவிட்டு ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். போன் திருத்தும் கடை போட்டிருக்கிறாராம். "அக்கா, ஒரு கடை விழப் போகுதுன்னு முன்கூட்டியே எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார். நன்றாக ஓடுகிற கடைக்காரனுக்கு இந்தக் கேள்வி வராது தம்பி. உங்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். துணைக்கு ஒரு ஆள் தேடுகிறீர்கள், அவ்வளவுதான்.

மச்சானின் கடைப் பெயரை எழுத மாட்டேன். என் அக்கா ராஜேஸ்வரி இந்த வார இதழை ஒரு வரி விடாமல் வாசிப்பவள். அவளுடைய புருஷன், அதாவது என் மச்சான், இதைத் தொடுவதே இல்லை என்று சொல்லிக்கொண்டு வாசிப்பவர்.

விலை பேசாத மனுஷன்

நான் கண்டியில் பருப்பு, உழுந்து, மா, செத்தல் மிளகாய் எல்லாம் மொத்தமாக விற்கும் கடையொன்றில் காசாளர். என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தவள், இன்னும் எழும்பவில்லை. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பாதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நாங்கள்தான் சாமான். அதனால் எந்தக் கடைக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஊர் உலகம் இழுத்து மூடிய கதவைப் பார்த்துத்தான் "ஐயோ, கடை நொடிச்சுப் போச்சே" என்கிறது. அது செத்த வீடு. செத்த வீட்டுக்கு யாருக்கும் வழி தெரியும். காய்ச்சல் வந்த அன்று வந்து பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

முதல் அடையாளம் எது தெரியுமா? ஒரு ரூபாய்க்காக என்னோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் ஒரு நாள் விலையே கேட்காமல் "ஏத்துங்க" என்பார். பார்க்கிறவர்கள் ஆகா, வியாபாரம் எப்படி உயர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். மண்ணாங்கட்டி. காசு கொடுக்க நினைக்கிறவன்தான் விலை பேசுவான். கொடுக்கப் போவதில்லை என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டவனுக்கு எந்த விலையும் நல்ல விலைதான்.

அடுத்தது போன். முன்பு மேசையில் மல்லாந்து கிடந்த போன் குப்புறப் படுக்கத் தொடங்கும். அடித்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குப்புறப் போடுவார்கள், ஏதோ தோசையைப் புரட்டுவதுபோல.

அப்புறம் அலங்காரம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். அவருடைய கண்ணாடி அலுமாரி எப்போதும் நிரம்பி வழியும். ஒரு நாள் பணம் கேட்க நானே போனேன். அந்த மனுஷன் பின்பக்கக் கதவைத் திறந்து ஒரு பணிஸ் எடுத்தபோது உள்ளே பார்த்தேன். கண்ணாடியோரம் மட்டும் ஒரு வரிசை. அதற்குப் பின்னால் வெறும் பலகை. பலகையில் ஒரு பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "வியாபாரம் எப்படிங்க?" என்றேன். "பிச்சுக்கிட்டுப் போவுது!" என்றார். பூனைகூட நம்பாமல் கண்ணைத் திறந்து பார்த்தது. அடுத்த மாதமே அந்தக் கடை வாசலில் இவ்வளவு பெரிய புதுப் பெயர்ப் பலகை ஏறியது, விளக்கெல்லாம் வைத்து. அதற்கடுத்த மாதம் அந்தப் பலகை இறங்கியது.

இத்தனையும் தெரிந்த எனக்கு, சொந்த மச்சான் கதை எப்படி வந்து சேர்ந்தது பாருங்கள். என் முதலாளி ஹாஜியார்தான் ஒரு நாள் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"புள்ள, ஓங்கட மச்சான் இந்தப் பக்கம் வந்து எத்தின நாளீக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து எல்லோரும் மூச்சு விட்ட பிறகு மூட்டை மூட்டையாக உழுந்து எடுத்தவர். பிறகு அரை மூட்டை எடுத்தார். பிறகு கிலோக் கணக்கு. இப்போது அதுவும் இல்லை, பழைய பாக்கியும் வரவில்லை. எங்கள் கடை வாசலால் நடந்து போகிற மனுஷன், கொஞ்ச நாளாகப் பின்தெருவால் சுற்றிப் போகிறார் என்று மூட்டை தூக்கும் நாட்டாமைகள் சொல்லக் கேட்டேன்.

"வேற எங்கயோ எடுக்கிறாரு போல முதலாளி," என்றேன்.

"எடுக்கட்டும், எடுக்கட்டும். அல்லா காப்பாத்தட்டும்," என்றார். ஹாஜியார் அல்லாவிடம் ஒப்படைத்துவிட்டார் என்றால் தன் கணக்கிலிருந்து அந்த ஆளின் பெயரை அடித்துவிட்டார் என்று அர்த்தம். எனக்கு வெட்கமாக இருந்தது. சொந்தக்காரன் என்பதால் அந்த வெட்கம் என் தலையில்தானே விடிகிறது.

அதற்காகத்தான் அன்று பின்னேரம் மழையோடு மழையாக மச்சான் கடைக்குப் போய் வடை வாங்கினேன்.

அகலம் அதே அகலம்

உழுந்து விலை ஏறினால் என்ன செய்யலாம்? வடை விலையை ஏற்றலாம். இல்லை, வடையைச் சின்னதாகச் சுடலாம். இரண்டும் நேர்மை. ஆள் முறைப்பான், திட்டுவான், ஆனால் வருவான். விலையும் அதே விலை, அகலமும் அதே அகலம், நடுவில் மட்டும் திருட்டு என்றால் அதற்கு என்ன பெயர்? வாடிக்கையாளனுக்குக் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, ஆனால் மூளை இல்லை என்று நம்புகிறவன் செய்கிற வேலை அது.

வடையைப் பார்த்த கண்ணோடு கடையையும் பார்த்தேன். ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் மின்விசிறியைப் போடுகிறார்கள். கை கழுவும் இடத்தில் சவர்க்காரத் தண்ணீரில் தண்ணீர்தான் இருந்தது. சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு தனியாக நீந்திக்கொண்டிருந்தது, பேச்சுத் துணைக்குக்கூட இன்னொன்று இல்லை. பழைய வடை மாஸ்டரைக் காணவில்லை. பல்லேகலப் பக்கம் ஒரு பெக்டரி கன்டீனுக்குப் போய்விட்டாராம். இரண்டு தவணையில் சம்பளம் வாங்கியே அலுத்துப் போனவர் வேறென்ன செய்வார்?

இதையெல்லாம் அப்போதே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாடி பேசுற? வடை சின்னதாயிருச்சா? நேத்துகூட அனுப்பினாரு. பஞ்சு மாதிரி இருந்திச்சு. இரு, ஒன்னு மிச்சம் இருக்கு, தின்னு பாரு."

தின்று பார்த்தேன். அட கடவுளே! பொன் நிறம், மொறுமொறுவென்ற தோல், உள்ளே மெத்தென்று, நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை. மச்சானின் கடை உச்சத்தில் இருந்த காலத்து வடை. எனக்கே குழப்பமாகிவிட்டது. மழை இருட்டில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வாசலை அடைத்த வாஸ்து

நான் அக்காவிடம் சொன்னதை அக்கா மச்சானிடம் சொல்லியிருக்கிறாள். புருஷனிடம் மறைக்கத் தெரியாதவள். மச்சான் அதைக் கேட்டு உழுந்தைக் கூட்டினாரா? மாஸ்டரைக் கூப்பிட்டாரா? அவர் கண்டுபிடித்த காரணமே வேறு.

"இவதான்! கடைக்குள்ள வந்து, அத்தன பேருக்கு முன்னால வடையத் தூக்கி ஒத்தக் கண்ண வச்சு என்னையப் பாத்தா. அன்னையிலருந்துதான் கடையில ஈ ஓட்டுறேன். புருஷன் இல்லாதவ, புள்ளகுட்டி இல்லாதவ, சொந்தமா ஒரு காணித்துண்டு இல்லாதவ. அந்தக் கண்ணு சும்மா விடுமா?"

கேட்டீர்களா கதையை! கடைக்கு வந்த காய்ச்சலுக்கு நான் கண்ணூறாம். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அழுதது அந்தப் புருஷன் இல்லாதவள் என்ற சொல்லுக்கு. சிரித்தது மிச்சத்துக்கு.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் பூசணிக்காய் உடைத்தார். அந்தப் பூசணியில் வழுக்கி விழுந்தவர் ஒரு வாடிக்கையாளர். மிஞ்சியிருந்த கொஞ்சப் பேரில் ஒருவர்.

அதுவும் சரிவரவில்லை என்று வாஸ்து பார்க்கிற ஆள் ஒருவரைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்தார். போனில் திசை பார்க்கிற ஆள். நாலு மூலையிலும் போனைக் காட்டிவிட்டு, தெருவைப் பார்த்த வாசல் தெற்கு வாசல், யம திசை, அதை அடைத்துவிட்டுக் கிழக்குப் பக்கம் வாசல் வையுங்கள் என்றாராம். மச்சான் கேட்டது அதுவும் இதுவும் அல்ல, ஒரே ஒரு கேள்வி: "நாளைக்கே அடைச்சிரலாங்களா?"

அந்தத் தெற்கு வாசல் யாருக்கு வாசல் தெரியுமா? பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்கு வாசல். பசியோடு இறங்கினால் நாலு எட்டில் மச்சான் கடை. பெயர்ப் பலகை எதுவும் தேவையில்லை, எண்ணெய் வாசமே கையைப் பிடித்து இழுத்து வரும். இருபது வருடத்துக்கு மேல் சோறு போட்டது அந்த வாசல்தான். அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பக்கத்துக் குறுகிய ஒழுங்கைக்குள் கிழக்கு வாசல் திறந்தார்கள். அந்த ஒழுங்கையில் என்ன இருக்கிறது? கோழிக் கடையின் பின்பக்கம். இறகு, குடல், ஈக்கள், ஒரு கழிவுக் கானும் அதில் நிற்கிற தண்ணீரும். சைவக் கடைக்கு வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டுக்கு வருகிற சனம், கோழிக் குடலைத் தாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு, யமனுக்குத் தப்பி உள்ளே வர வேண்டும்!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் மச்சான் கூடத்தையே இடித்து வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வாஸ்து ஆள் கெட்டிக்காரர். கடையில் ஒரு வடையைக்கூடத் தொடவில்லை. கோப்பியும் வேண்டாம் என்றுவிட்டாராம்.

அம்பிட்டிய வீடு

இத்தோடு நின்றிருந்தால் நானும் இரண்டு வசவு திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் வாஸ்து அம்பிட்டியவுக்கும் போனது.

அம்பிட்டிய வீடு அக்காவின் பெயரில் இருக்கிறது. எங்கள் அப்பா ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, கையில் கிடைத்த சேமலாப நிதியைக் கொண்டுவந்து வாங்கிய துண்டுக் காணி. எங்கள் பரம்பரையில் உறுதிப் பத்திரம் என்ற ஒன்றைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான். குடியிருந்த லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வாசலில் நட்ட வாழை தோட்டத்துக்குச் சொந்தம், வேலை நின்றால் சட்டி பானையைத் தூக்கு என்ற காலத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தப் பத்திரத்தின் கனம் தெரியும். அக்கா கல்யாணத்துக்கு அதை எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடு போனால் அக்காவுக்குப் போக இடமில்லை. எங்கள் லயத்துக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.

அந்த வீட்டின் தண்ணீர்த் தாங்கி அக்கினி மூலையில் இருக்கிறதாம். நெருப்பில் தண்ணீர் விழுவதால்தான் கடை அணைகிறதாம். ஆகையால் உறுதிப் பத்திரம் கொஞ்சக் காலம் அந்த வீட்டுக்குள் இருக்கவே கூடாதாம், வேறொருவர் கையில் இருப்பது நல்லதாம். யார் கையில்? மச்சானுக்கு உடனே விளங்கிவிட்டது. கடன் கொடுக்கிற கம்பனியின் கையில்!

அந்தக் கடனை வைத்து என்ன செய்யப் போகிறார்? பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது கடை திறக்கப் போகிறார். "மெட்ச் நடந்தா சனம் அலைமோதும்" என்றாராம். மெட்ச் பார்க்க வருகிறவன் சாம்பார் குடிக்கவா வருகிறான்? வருடத்தில் எத்தனை நாள் மெட்ச்? கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். கடை நொடிக்கிற முதலாளிகள் எல்லோருக்கும் இந்த ஒரு வியாதி பொது. காலில் புண் இருக்கிற ஒரு கடையை நடத்த முடியாதபோதுதான் இரண்டாவது கடையைப் பற்றிக் கனவு வரும்.

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகப் புதன்கிழமை நாள் குறித்தாயிற்று. நான் அக்காவிடம் ஓடினேன்.

"கையெழுத்து வைக்காதக்கா. அது கடனில்ல, குழி."

"அவரு எனக்காகத்தானே படுறாரு பாடு. கட ஒன்னும் மோசமில்லடி. மோசமா இருந்தா இப்படி வடை அனுப்புவாரா?"

திரும்பவும் வடை! அந்த நிமிஷம் எனக்கு மண்டையில் ஏதோ தட்டியது. அக்கா அந்தக் கடைக்குள் காலடி வைத்துப் பல வருடமாகிவிட்டது. முதலாளி பொஞ்சாதி கடையில் போய் உட்கார்ந்தால் மரியாதை இல்லையாம், மச்சானின் சட்டம். எல்லாம் வீட்டுக்கே வரும். வீட்டுக்கு வருவது எப்போதும் நன்றாகவே வரும்.

"நாளைக்கு நொத்தாரிசுகிட்ட போகத்தானே டவுனுக்கு வாற?" என்றேன். "ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வா. ரெண்டு பேரும் கடையில ஒரு வடை தின்னுட்டுப் போவோம். அங்கயும் சரி, அதுக்கப்புறம் நீ கையெழுத்து வச்சாலும் சரி, நான் வாயே தொறக்க மாட்டேன். அம்மா மேல சத்தியம்."

நான் வாயைத் திறக்காமல் இருப்பது என்பது அக்கா வாழ்நாளில் கண்டிராத சங்கதி. அந்த ஆசையிலேயே ஒப்புக்கொண்டிருப்பாள்.

சின்னச் சட்டி

புதன்கிழமை காலை வெயில் நன்றாக இருந்தது. அக்கா நீலச் சேலை கட்டி, உறுதிப் பத்திரத்தைப் பையில் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பழைய பழக்கத்தில் தெரு வாசலுக்குத்தான் நேரே நடந்தாள். அங்கே சுவர். பூச்சுக்கூட இல்லாத செங்கல் சுவர். அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதத்தானா அடைச்சாரு?" என்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு ஆளும் அதே சுவரைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கக் கடைக்குள் புகுந்தார். அக்கா அவரையும் பார்த்தாள்.

ஒழுங்கையில் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோழிக் கானைத் தாண்டினோம். உள்ளே கதிரைகள் எல்லாம் காலி. மச்சான் மேசையில் இல்லை. பின்பக்கம் யாருடனோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்த குரல் மட்டும் கேட்டது. பரிமாற வந்தவர் புது ஆள், நடுத்தர வயசு. எங்கள் இருவரையும் அவருக்குத் தெரியாது.

"ரெண்டு இட்லி," என்றாள் அக்கா.

"இட்லி ஞாயித்துக்கெழம மட்டுந்தாங்க. வடையும் டீயும் இருக்கு."

வடை வந்தது. அக்கா அதைத் தட்டில் வைத்தே பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. சத்தியம் நாக்கில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவள் பிட்டாள், சாம்பாரில் தோய்த்தாள், தின்றாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இதுதான் தினம் போடுறதா?" என்று அந்த ஆளைக் கேட்டாள்.

"ஆமாங்க."

"நல்ல மாவு இல்லையா?"

அந்த மனுஷன் பாவம், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அங்க சின்னச் சட்டியில ஒரு மாவு இருக்குங்க. அது மொதலாளி வீட்டுக்கு. வீட்டம்மாவுக்கு மட்டும் புது எண்ணெயில தனியாச் சுட்டு அனுப்பணும். அதத் தொட்டா மொதலாளி கொன்னுப் போடுவாரு. எங்களுக்குச் சம்பளம் பிந்தினாலும் பிந்தும், அந்தச் சட்டி பிந்தாதுங்க."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். எனக்கு மச்சான் மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் உச்சிக்கு ஏறியது. கடன்காரனை ஏமாற்றினால் அவன் திட்டிவிட்டுப் போவான். வாடிக்கையாளனை ஏமாற்றினால் எதிர்க்கடைக்குப் போவான். பொஞ்சாதியை ஏமாற்ற இந்த மனுஷன் தனிச் சட்டி வைத்து, புது எண்ணெய் ஊற்றி, அவள் வாயாலேயே "கடை நல்லாத்தான் போகுது" என்று சொல்ல வைத்திருக்கிறார். அந்த அக்கறையில் பாதியைக் கடையில் காட்டியிருந்தால் போதாதா?

மச்சான் போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"ராஜி! நீ... நீ ஏன் இங்க? நொத்தாரிசுகிட்டத்தானே வரச் சொன்னேன்."

"சாப்புட வந்தேங்க."

"வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே!"

"வீட்டுக்கு அனுப்பினதத் தின்னுதாங்க இத்தன வருஷமா ஏமாந்தேன்," என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. பையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "எங்கப்பா இந்தக் காணிய வாங்க எத்தன மழையில நனைஞ்சாரு தெரியுமா? இந்த வடைக்கு அத எழுதித் தர மாட்டேன். இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் இவ கண்ணு," என்றார்.

"ஆமா, அவ கண்ணுதான்," என்றாள் அக்கா. "எனக்கு இல்லாத கண்ணு." பிறகு பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்தச் சின்னச் சட்டி மாவ எடுத்து, இனி வாறவங்களுக்குச் சுட்டுக் குடுங்க. வீட்டம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்க."

வடைக்கும் டீக்கும் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். மச்சான் அதைத் தொடவில்லை. ஒழுங்கையில் வந்து நின்றதும் அவள் என் கையைத் தேடினாள். நான் பிடித்துக்கொண்டேன். கோழிக் கடை நாற்றத்துக்கு நடுவில் நின்று இரண்டு பேரும் அழுதோம். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது, அதையும் அங்கேயே சொன்னேன்.

உப்பு

கடை தீபாவளி வரை தாங்கவில்லை. மேசை, கதிரை, பெரிய கிரைண்டர் எல்லாம் விற்று அங்கேயும் இங்கேயும் கொடுத்தார்கள். ஹாஜியாருக்கும் பழைய பாக்கியில் கொஞ்சம் வந்தது. மச்சான் ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எந்தத் திசைச் சுவர் என்று நான் விசாரிக்கவில்லை.

அம்பிட்டிய வீடு அப்படியே நிற்கிறது. தண்ணீர்த் தாங்கியும் அதே அக்கினி மூலையில் நிற்கிறது. அக்கா அந்த வீட்டு அடுப்பிலேயே வடை சுட்டுக் கோயிலுக்கும் ஒபிசுகளுக்கும் ஓடர் எடுக்கிறாள். மச்சான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் ஒரு பொட்டலம் வரும், ஆட்டோக்காரர் கையில். மச்சான் நேரே கொண்டு வர மாட்டார். நான் கண்ணூறு அல்லவா!

போன ஞாயிறு வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். பழக்கதோஷம், கை முதலில் வடையைக் கண்ணுக்கு நேரேதான் தூக்கியது. ஓட்டை பெரிது! அடுத்ததை எடுத்தேன், அதில் ஓட்டையே இல்லை. மூன்றாவது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து கிடந்தது. அப்போதே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னாக்கா, திரும்பவும் தொடங்கியாச்சா?"

அக்கா சிரித்தாள். "உளுந்து கொறையலடி. எனக்குக் கையில சுளுக்கு. ஒங்க மச்சான்தான் தட்டினாரு. இப்பத்தான் மொத தடவையா மாவுல கைய வச்சிருக்காரு. பழகட்டும் விடு."

போனை வைத்துவிட்டு அந்தக் கோணல் வடையோடு உட்கார்ந்திருந்தேன். விலை பேசாதது, போன் குப்புறக் கிடந்தது, பின்தெருவால் போனது, வடை ஓட்டை என்று எத்தனை அடையாளம் கண்டுபிடித்தேன்! இருபது வருடத்துக்கு மேல் வடை விற்ற மனுஷனுக்கு வடை தட்டத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மூத்த அடையாளம் அதுதான். கடை திறந்த அன்றைக்கே இருந்தது. போன் கடைத் தம்பி, உங்களுக்குப் போன் திருத்தத் தெரியுமா, இல்லை, ஆள் வைத்துத்தான் திருத்துகிறீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வடையைத் தின்றேன். மூன்றையும்தான். இந்த இதழை வாசிப்பதில்லை என்று சொல்கிறவர் இந்த வரியையும் வாசிப்பார் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மச்சான், உழுந்து நல்ல உழுந்து. உப்பை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.